நொடிப்பு வழக்கும் நம் இளைஞரும்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துக் காலங் கழிக்கும் எம்மைச் சட்டம் பற்றிப் பேசுமாறு எவரும் கேட்டிலர். ‘பொருளீட்டும் நெறி’ என்னும் தலைப்பினையே காரியதரிசியார் எமக்கு அளித்தனர். பொருளை ஈட்டும் வகையைச் சொல்வார் பலர் உளர். ஈட்டிய பொருள் கைவிட்டுப் போனவிடத்து மனிதன் நிற்கும் வகையைச் சொல்வார் சிலரே. ஆதலின் அதனையே இன்று எடுத்துக்கொண்டோம். அதற்கு ஒரு காரணமும் உண்டு.

எம்மிடம் தமிழ் பயின்ற நம்மவர் இளைஞர் ஒருவர், சட்டக் கல்வி முடித்து, வழக்கறிஞராகப் பதிவு பெற்று, மூத்தவர் ஒருவரிடம் நான்காண்டு தொழில் பழகியவர், சென்ற தை மாதத்தில் எம் இல்லத்திற்கு வந்தார். “ஐயா, தனியே அலுவலகம் திறக்கலாம் என்று இருக்கின்றேன். நொடிப்பு வழக்குகளையே முதன்மையாக எடுத்து நடத்த விருப்பம். அப்பா ஒப்பவில்லை. தாங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்” என்றார். தந்தையார் என்ன சொன்னார் என்று வினவினோம். “எவன் வீட்டில் விளக்கு அணையும் என்று பார்த்திருக்கும் பிழைப்புக்கா உன்னைப் படிக்க வைத்தேன் என்கிறார்” என்று தலை குனிந்தார்.

அச்சொல் புறக்கணிக்கத் தக்கதன்று. நாற்பது ஆண்டு கடை நடத்தி, ஒருவர்க்கும் பாக்கி வைக்காது வாழ்ந்த ஒரு பெரியவரின் வாயிலிருந்து வந்தது. ஆதலின் உடனே விடை கூறாது, சில திங்கள் சட்ட நூல்களைப் படித்தும் அறிந்தாரைக் கேட்டும் சிந்தித்தோம். அச்சிந்தனையின் பயனை இச்சபையில் வைக்கின்றோம்.

நொடித்தல் என்பது, உள்ள பொருள் அனைத்தையும் விற்றாலும் பட்ட கடனைத் தீர்க்க இயலாத நிலை. நம் ஊர்களில் இதனை ‘ஐ.பி. கொடுத்தான்’ என்றும், ‘மஞ்சள் கடுதாசி கொடுத்தான்’ என்றும் சொல்வர். அச்சொற்களைச் சொல்லுங்கால் முகத்தில் ஓர் ஏளனம் தோன்றுவதை யாவரும் கண்டிருப்பீர்கள். அவ்வேளனத்தில் இரண்டு பிழைகள் கலந்துள்ளன. ஐ.பி. என்பது ஊரை ஏய்க்கும் உபாயம் என்பது ஒன்று. அதனைக் கொடுத்தவன் இனி மனிதர் வரிசையில் வையாதவன் என்பது மற்றொன்று. சட்டம் இவ்விரண்டனையும் ஒப்பவில்லை.

இங்கிலாந்தில் 1542-இல் இயற்றிய முதற் சட்டம் நொடித்தவனைக் குற்றவாளியாகவே கருதியது. 1705-இல் மற்றொரு சட்டம் பிறந்தது. தன் பொருள் முழுவதையும் மறையாது ஒப்படைத்த வணிகனுக்குப் பழங்கடனிலிருந்து விடுதலை உண்டு என்று அது கூறிற்று. மறைத்து வஞ்சித்தவனுக்கோ மரண தண்டனையையே விதித்தது. தண்டனை பின்னர்த் தணிந்தது. ஆயினும் அவ்விரு கருத்துக்களும் இன்றளவும் நொடிப்புச் சட்டத்தின் இரு தூண்களாய் நிற்கின்றன. உள்ளதை உள்ளவாறு சொன்னவனுக்கு விடுதலை, ஒளித்தவனுக்குத் தண்டனை. இடையில் மூன்றாவது ஒன்றும் உண்டு: எஞ்சிய பொருளை, முந்தி வந்தவன் முழுதும் கொண்டு போகாதபடி, கடன் கொடுத்தார் யாவர்க்கும் வீதாசாரப்படி பங்கிடுதல். ஆராய்ந்து பார்த்தால் இஃது ஏய்ப்பு அன்று. ஏய்ப்பைத் தடுக்கும் வேலியே ஆகும்.

நம் நாட்டிற்கும் இச்சட்டம் புதிதன்று. சென்னை, கல்கத்தா, பம்பாய் என்னும் மூன்று நகரங்கட்கும் 1828-இலும், பின்னர் 1848-இலும் நொடிப்புச் சட்டங்கள் வந்தன. அந்நகரங்கட்கென 1909-ஆம் ஆண்டுச் சட்டமும், ஏனைய ஊர்கட்கென 1907-ஆம் ஆண்டுச் சட்டமும், அதனை நீக்கி 1920-ஆம் ஆண்டுச் சட்டமும் இயற்றப்பெற்றன.

இத்தொழிலின் பெருமைக்குச் சென்னை நகரமே ஒரு சான்று தருகின்றது. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி என்னும் பெரிய பாங்குக் கம்பெனி கதவடைத்தது. நம்பிப் பணம் போட்டிருந்த குடும்பங்கள் ஒரு நாளில் கலங்கி நின்றன. அதன் தலைவராகிய ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட் 1907-இல் குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்று 18 மாதக் கடுங்காவல் அடைந்தார். அந்நாளில் பேர்பெற்ற வக்கீலாயிருந்த வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் பணம் இழந்தார் பக்கல் நின்றார். நின்றதோடு அமையாது, நம்மவர் பணத்தை நம்மவரே காக்கும் பாங்கு ஒன்று வேண்டும் என்று முயன்றார். நகரத்தார் பெருமக்கள் கைகொடுத்தனர். 1907 ஆகஸ்டு 15-ஆம் நாள் இந்தியன் பாங்கு தொழில் தொடங்கிற்று. ஒரு வீழ்ச்சியை அருகிலிருந்து ஆராய்ந்தவர்க்கே, வீழாதிருக்கும் வழியும் தெரிந்தது. அணையும் விளக்கைப் பார்த்திருந்தவர் வேறொரு விளக்கை ஏற்றினார் என்பதை அப்பெரியவர்க்கு விண்ணப்பித்துக்கொள்கின்றோம்.

இனி எம் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றனைச் சொல்ல வேண்டியவராய் உள்ளோம். இதுகாறும் இச்சபையில் இதனைச் சொல்லியதில்லை.

எமக்கு அத்தான் முறையாகும் உறவினர் ஒருவர் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அவர் வாங்கிய கடனுக்கு யாம் ஜாமீன் கையெழுத்திட்டோம். உறவினர் கேட்டார், மறுக்க நா எழவில்லை, அவ்வளவே காரணம். வியாபாரம் இறங்கிற்று. அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. பாங்குக் கடனை அடைக்கச் சீட்டு எடுத்தார். சீட்டைக் கட்ட மீட்டர் வட்டிக்கு வாங்கினார். அத்தகைய வட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்திருந்தும், அதனைச் சொல்லி முறையிட அவர்க்கு நாணம் இடங்கொடுக்கவில்லை. முடிவில் ஒரு வழக்கறிஞரிடம் போனார். அவர் பெயர் வேண்டா. அவர் சொல்லிய யோசனை, “வீட்டை மனைவி பேருக்குச் செட்டில்மெண்டு எழுதிவிட்டு வாரும், பிறகு ஐ.பி. போடலாம்” என்பது. அத்தான் அவ்வாறே செய்தார். கையில் எஞ்சியிருந்த பணத்தைத் தம் மைத்துனர் கடனுக்கு மட்டும் முழுதாய்க் கொடுத்துத் தீர்த்தார். மறுமாதம் மனுப் போட்டார்.

விளைவு யாது? மனுவிற்கு முன் இரண்டாண்டிற்குள் கைம்மாறின்றி எழுதிக் கொடுத்த சொத்தை 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு செல்லாததாக்கும். மூன்று மாதத்திற்குள் ஒருவர்க்கு மட்டும் சலுகை காட்டிக் கொடுத்ததை 54-ஆம் பிரிவு திருப்பும். இரண்டும் நிகழ்ந்தன. வீடு ரிஸீவர் கைக்குப் போயிற்று, மைத்துனர் பகையானார். நேர்மையாய் ஒப்படைத்திருந்தால் கிடைக்கக்கூடிய விடுதலையும், இச்செயலின் பொருட்டு மறுக்கப்பட்டது. எம் நிலை யாதெனின், கடனாளியின் நொடிப்பு ஜாமீன்தாரனை விடுவிப்பதில்லை. சட்டம் விட்டுவைத்த பகுதி போக, எம் சம்பளத்தின் எஞ்சிய பங்கில் மூன்றிலொன்று 24 மாதம் பிடிக்கப்பட்டது.

ஓரிரவு அத்தான் எம் வாசலில் வந்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். “உள்ளே வாருங்கள்” என்று யாம் சொல்லவில்லை. சிறிது நேரம் நின்றுவிட்டுப் போனார். அதன்பின் ஊரைவிட்டே போய்விட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. பிடிக்கப்பட்ட சம்பளத்தை யாம் மறந்தோம். அவ்வாசற்படியை மறக்க இயலவில்லை.

இதனால் யாம் கண்ட உண்மை ஒன்று. அத்தானைக் கெடுத்தது நொடிப்புச் சட்டம் அன்று. அதனை நன்கறிந்த, நேர்மையுள்ள ஒரு வழக்கறிஞரிடம் ஓராண்டு முன்னரே அவர் போகாமையே கெடுத்தது. அங்ஙனம் போகாமைக்குக் காரணம் நாம் அனைவரும் அவர்க்கு ஊட்டியிருந்த நாணம். ஆதலின், இத்தொழிலை மேற்கொள்ள விரும்பும் இளைஞரை இகழ்வது, நீரில் விழுவார் உள்ள ஊரில் நீந்தத் தெரிந்தவனை இகழ்வதோடு ஒக்கும்.

இனி, இத்தொழிலைத் தொடங்குவார் அறிய வேண்டுவன சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, இதற்கு இரண்டு வாயில்கள் உள்ளன. 2016-ஆம் ஆண்டில் நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பு இயற்றப்பெற்றது. டி. கே. விசுவநாதன் தலைமையிலமைந்த குழு 2015-இல் அளித்த அறிக்கையே அதற்கு அடிப்படை. கம்பெனிகளின் நொடிப்பு அதன்வழித் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்திற்குச் சென்றது. அதற்குச் சென்னையிலும் அமர்வு உண்டு. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வும் 2021-இல் தொடங்கிற்று. தனியாட்களைப் பொறுத்தவரை, கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட பிணை நின்றவர்களுக்கே புதிய தொகுப்பு 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தனிக் கடைக்காரரும் சிறு நெசவாளரும் பழைய வாயிலையே, அதாவது சென்னையில் உயர் நீதிமன்றத்தையும் வெளியூர்களில் மாவட்ட, சார்பு நீதிமன்றங்களையுமே நாடவேண்டியவராயினர். நம்மவர் பெரும்பாலார் இவ்விரண்டாம் வாயிலில் நிற்பவர். தீர்ப்பாயத்தில் பெருந்தொகை வழக்குகள் உண்டு, பேரும் உண்டு. சார்பு நீதிமன்றத்தில் தொகை சிறிது. ஆயினும் ஒரு குடும்பத்தின் முழு வாழ்வும் அதில் அடங்கும். ஊரில் அலுவலகம் திறப்பவர் இரண்டனையும் கற்றல் வேண்டும்.

இரண்டாவது, கணக்கு. இத்துறையில் சட்டம் பாதி, பேரேடு பாதி. குறிப்பேட்டையும் பேரேட்டையும் ஐந்தொகையையும் படிக்கத் தெரியாதவர், கடனாளி சொல்வது மெய்யா பொய்யா என்று அறியமாட்டார். மேலும், கம்பெனித் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் மட்டுமல்லர். பட்டயக் கணக்கரும் கம்பெனிச் செயலரும் தோன்றி வாதாடச் சட்டம் இடந்தருகின்றது. கணக்கறியாத வழக்கறிஞர் அங்கே பின்தங்குவார். பட்டம் பெற்ற பின்னும் ஒரு கணக்கரிடம் ஆறு திங்கள் அமர்ந்து பயில்வது இழிவன்று. பத்தாண்டு வழக்கறிஞராயிருந்தவர் உரிய தேர்விலும் தேறி, நொடிப்புத் தொழில்வல்லுநராகப் பதிவு பெற்று, நொடித்த கம்பெனியை ஏற்று நடத்தும் பொறுப்பையும் அடையலாம். அது பின்னாள் மேடு. முதல் நாளே அதில் ஏற முயலற்க.

மூன்றாவது, நாளும் தொகையும் வழுவாமை. வர்த்தகச் சரக்கிற்குப் பணம் வரவேண்டியவர், கம்பெனிக்கு முதலில் கேட்பு அறிவிப்பு அனுப்பிப் பத்து நாள் பொறுத்தல் வேண்டும். அதற்கு முன்னரே அக்கடனில் உண்மையான தகராறு இருந்ததாயின் மனு நில்லாது. தீர்ப்பாயத்திற் செல்லக் கடன் ஒரு லட்சம் இருந்தாற் போதும் என்றிருந்ததை 2020 மார்ச்சு 24-இல் ஒரு கோடியாக உயர்த்தினர். இதனை அறியாது சிறு வியாபாரியிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு அவரைச் சென்னைக்கு அலைக்கழிப்பவர் வழக்கறிஞர் அல்லர்.

நான்காவது, கட்டணம். இஃது ஒரு தருமசங்கடம். கையில் ஒன்றுமில்லாதவனே கட்சிக்காரன். அவனிடம் எங்ஙனம் வாங்குவது? முதல் நாளே தொகையைச் சொல்லி, எழுதிக் கொடுத்துவிடுதல் நன்று. வழக்கின் முடிவைப் பொறுத்துப் பங்கு பேசுவதையும், கட்சிக்காரர்க்குக் கடன் கொடுப்பதையும் வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் தடுக்கின்றன. விளம்பரம் செய்தலும் ஆகாது. ஒரு சிறிய அறை, ஒரு மேசை, பூட்டுள்ள ஓர் அலமாரி, நேர்மையுள்ள ஒரு குமாஸ்தா, ஓராண்டு வீட்டுச் செலவிற்குக் கைப்பொருள் ஆகிய இவை இருந்தாற் போதும். கடனாளிகளை மட்டும் நம்பித் தொடங்காது, கடன் கொடுத்தாருடைய வழக்குகளையும் ஏற்பவரே முதல் மூன்றாண்டைக் கடப்பர்.

ஐந்தாவது, நம்மவர்க்கே உரிய ஓர் இடர். நம் சமூகத்தில் கொடுத்தவரும் பட்டவரும் உறவினர். மாமன் கொடுத்தவர், மருமகன் பட்டவர். இருவரும் இந்த இளைஞர்க்குச் சிற்றப்பா, பெரியப்பா முறையினர். ஒரே விவகாரத்தில் இருவர்க்கும் நிற்றல் ஆகாது. ஒருவர்க்கு நின்றபின் மற்றவர் வீட்டுத் திருமணப் பந்தியில் வாய் திறத்தலும் ஆகாது. கட்சிக்காரர் சொன்ன இரகசியத்தைத் தாயிடமும் மனைவியிடமும் சொல்லாதவரே இத்தொழிலுக்கு உரியவர். நாவடக்கம் இல்லாதார் வேறு துறையை நாடுக.

ஆறாவதும் தலையாயதும் மெய். “சொத்தை மாற்றி எழுதிவிட்டு வா” என்று ஒருபோதும் சொல்லற்க. “எல்லாப் புரோநோட்டையும், எல்லாச் சீட்டையும், அண்ணனுக்குக் கூடச் சொல்லாத கடனையும் எழுதிக்கொண்டு வாரும்” என்று சொல்லுக. மெய்யுரைத்தவனுக்குச் சட்டம் விட்டுவைப்பன பல. சமையற் பாத்திரமும், உடையும், படுக்கையும், தொழிலாளியின் கருவிகளும், சமய வழக்கப்படி மாதர் கழற்றலாகாத தாலி போன்ற அணியும் ஜப்திக்கு உட்படா. கொடுக்க வழியின்றி நிற்கும் ஏழைக் கடனாளியை, வறுமையொன்றே காரணமாகச் சிறையிடல் தகாது என்று 1980-இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் விளக்கினார். கொடுக்க வழியிருந்தும் வஞ்சிப்பவன் நிலை வேறு. இவற்றை ஒரு குடும்பத்திற்கு எடுத்துச் சொல்லி, அன்றிரவு அவர்கள் அஞ்சாது உறங்கும்படி செய்பவர் செய்வது அறம் அன்றி வேறென்ன?

இனிச் சங்கத்தாரை நோக்கி மூன்று வேண்டுகோள்.

நொடித்தவர் பெயரைத் திருமண அழைப்பிலும் சங்கப் பட்டியலிலும் நீக்காதீர்கள். நீக்கப்படுவோம் என்னும் அச்சமே மனிதரை மீட்டர் வட்டிக்காரனிடம் துரத்துகின்றது.

உறவு பற்றி ஜாமீன் கேட்காதீர்கள். கேட்டால் கணக்கைக் காட்டிக் கேளுங்கள். கொடுப்பவரும் அக்கடன் தம் கடனே என்று எண்ணிய பின்னரே கையெழுத்திடுக. ஜாமீன்தாரன் பொறுப்பு கடனாளியின் பொறுப்போடு ஒத்தது என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் அன்றே சொல்லி வைத்திருக்கின்றது.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கக் கட்டடத்தின் பின்னறையில், நம்மவர் வழக்கறிஞர் ஒருவர் கட்டணமின்றி அமர்ந்து கடன்பட்டார் குறை கேட்க ஏற்பாடு செய்யுங்கள். ஒருவர் பெயரையே சங்கம் பரப்புதல் முறையன்று. ஆதலின் வழக்கறிஞர் யாவரும் முறைவைத்து அமர்க. முன்வாசல் வேண்டா, பின்வாசல் போதும். வருவார் முகத்தைப் பிறர் காணாதிருத்தல் நலம்.

நிறைவாக, அவ்விளைஞரின் தந்தையார்க்கு ஒரு சொல். ஐயா, தாங்கள் ஒருவர்க்கும் பாக்கி வைக்காமல் வாழ்ந்தீர்கள். அந்நேர்மையைத் தங்கள் மகனார் கற்றிருக்கிறார் என்பதை அவர் ஆசிரியராகிய யாம் அறிவோம். அத்தகையவர் இத்தொழிலுக்கு வாராவிடில், எம் அத்தானுக்கு யோசனை சொன்ன அவரைப் போன்றாரே இத்தொழிலில் நிற்பர். விழுந்தவர் வாசலில் வந்து நிற்குங்கால் “உள்ளே வாருங்கள்” என்று சொல்வதற்கு ஓர் அறை ஊரில் இருக்கட்டும். அன்று யாம் சொல்லத் தவறியதை, எம் மாணவராவது சொல்லட்டும். தாங்களே முன்னின்று அவ்வறைக்குக் குத்துவிளக்கேற்றித் தருமாறு வேண்டி அமைகின்றோம்.